14 ஆண்டாக அட்டினலால் சாப்பிடும் அப்பாவின் நாடித்துடிப்பு 48: மாத்திரையை நிறுத்தலாமா?

செம்பூர் மகள் | திங்கள், காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 69 வயது. மும்பை பரேலில் ஒரு பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது செம்பூரில் எங்களுடன் இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்காக 14 ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் அட்டினலால் 50 மில்லிகிராம் சாப்பிட்டு வருகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதனுடன் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் சேர்க்கப்பட்டது. இதுவரை பெரிய தொந்தரவு எதுவும் இருந்ததில்லை.

கடந்த இரண்டு மாதங்களாக அவர் மிகவும் சோர்ந்து காணப்படுகிறார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது இடையில் இரண்டு முறை நின்றுவிடுகிறார். படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். வயதாகிவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். போன வாரம் கைப்பட்டை பி.பி. கருவி ஒன்று வாங்கி அளந்து பார்த்ததில், அழுத்தம் 132/76 என்று நன்றாகவே இருக்கிறது. ஆனால் நாடித்துடிப்பு 48, 50, 47 என்றே வருகிறது.

அட்டினலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் பழையவை, வெளிநாடுகளில் அவற்றைக் கைவிட்டுவிட்டார்கள், உடனே நிறுத்துங்கள் என்று கீழ்வீட்டுக்காரர் ஒரு காணொளியைக் காட்டிச் சொன்னார். பயந்துபோய் இன்று காலை மாத்திரையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொடுக்கலாமா, நிறுத்திவிடலாமா? அவருடைய வழக்கமான மருத்துவர் வியாழக்கிழமைதான் மருந்தகத்துக்கு வருவார்.

மாட்டுங்கா மருந்தாளுநர் | திங்கள், காலை 7.45

அம்மா, வியாழன்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். தலைச்சுற்றலுடன் நாடி 48 என்பது அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. வழக்கமான மருத்துவருக்கு இப்போதே தொலைபேசியில் பேசி, இன்றைய மாத்திரையைக் கொடுப்பதா, தள்ளிவைப்பதா என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அருகில் ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள். அப்பா மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ தொலைபேசிக்கெல்லாம் நேரமில்லை. நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கருவி காட்டும் நாடி எண்ணை அப்படியே நம்பாதீர்கள். இடையிடையே முந்திக்கொண்டு விழும் துடிப்புகள் இருந்தால் கருவி அவற்றை விட்டுவிட்டு எண்ணும். அப்பாவை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, அவருடைய கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் கணக்கு இங்கே உதவாது. துடிப்பு சீராக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செம்பூர் மகள் | திங்கள், காலை 8.30

எண்ணினேன், 49. சீராகத்தான் இருக்கிறது. மருத்துவரின் உதவியாளரிடம் பேசினேன். இன்றைய அட்டினலாலை மட்டும் நிறுத்திவைத்து, 11 மணிக்கு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரைப் பார்க்கும்படி அவர் சொல்லியனுப்பினார். கிளம்புகிறோம்.

டோம்பிவிலி அண்ணாச்சி | திங்கள், காலை 10.05

மருத்துவர் சொல்லி ஒரு வேளையைத் தள்ளிவைப்பது வேறு, நாமாக நிறுத்துவது வேறு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊர்க் கோயில் கொடைக்காகத் தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் ஏறினேன். மெட்டோப்ரொலால் (அதுவும் ஒரு பீட்டா பிளாக்கர்தான்) அட்டையைப் பூஜை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். ரயிலில் ஒன்றரை நாள், ஊரில் இரண்டு நாள். நான்கு நாள் மாத்திரை இல்லாமல் போனால் என்ன ஆகிவிடும் என்ற அலட்சியம்தான். ஆட்டுக்கறி விருந்து வேறு.

கொடை இரவில் மேளம் அடித்தபோது, அந்த மேளம் என் நெஞ்சுக்குள் அடிப்பதுபோல இருந்தது. கை நடுங்கியது, வியர்த்தது. அம்மன் அருள் வந்துவிட்டது என்று என் சித்தி திருநீறு பூசினார். மருமகன்தான் பைக்கில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். நாடி 122, அழுத்தம் 190/104. பணியில் இருந்த இளம் மருத்துவர், நான் என்ன மாத்திரையை நிறுத்தினேன் என்று கேட்டதும் காரணத்தைப் புரிந்துகொண்டார். அதிலிருந்து ஊருக்குப் போகும்போது ஓர் அட்டை கைப்பையிலும், இன்னோர் அட்டை துணிப்பெட்டியிலும் போகிறது.

முலுண்ட் வாசகர் | திங்கள், பிற்பகல் 1.20

அண்ணாச்சியின் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் கீழ்வீட்டுக்காரர் சொன்னதில் உண்மையே இல்லை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2002-இல் வெளிவந்த லைஃப் ஆய்வில், இதயத்தின் இடக்கீழறை தடித்த 9,193 பேரை எடுத்துக்கொண்டு அட்டினலாலையும் லோசார்டான் என்ற வேறு வகை அழுத்த மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் பக்கவாதம் லோசார்டான் பக்கம் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாக இருந்தது. 2005-இல் வந்த ஆஸ்காட் ஆய்வில் 19,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அதிலும் அம்லோடிபினை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையே அட்டினலாலை முந்தியது. அடுத்த ஆண்டே, அதாவது 2006-இல், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு பீட்டா பிளாக்கர்களை இரத்த அழுத்தத்துக்கான முதல் வரிசை மருந்துகளிலிருந்து எடுத்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் நம் ஊரில் அட்டினலாலும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரைகள் தாராளமாக எழுதப்படுகின்றனவே, ஏன்? பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? இதைத்தான் நான் கேட்கிறேன்.

சயான் பொதுமருத்துவர் | திங்கள், மாலை 6.40

நான் 31 ஆண்டுகள் பொதுமருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே எவருக்கும் மருந்தளவு சொல்ல மாட்டேன். நோயாளியைப் பார்க்காமல் அளவு சொல்பவரை நீங்களும் நம்பாதீர்கள். முலுண்ட் நண்பர் சொன்ன ஆய்வுகளும் ஆண்டுகளும் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து "நிறுத்து" என்ற முடிவு வராது.

பீட்டா பிளாக்கர் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அச்சமோ அவசரமோ ஏற்பட்டால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகளில் போய் அமர்ந்து, துடிப்பை விரைவாகவும் வலுவாகவும் ஆக்குகிறது. இம்மருந்து அந்த இருக்கைகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஆகவே இதயம் நிதானமாகத் துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பின் வலுவும் தணிகிறது. அதோடு சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை வெளிவிடுவதும் குறைகிறது. ரெனின் குறைந்தால் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்கிறது. மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, இருக்கை கிடைக்காத உடல் இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மருந்தை நிறுத்தினால், கூடிப்போன அத்தனை இருக்கைகளிலும் அட்ரினலின் வந்து உட்காரும். அண்ணாச்சியின் நெஞ்சில் மேளம் அடித்தது இதனால்தான். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இதே நிகழ்வு மாரடைப்பாகக்கூட முடியும். நிறுத்த வேண்டியிருந்தால் மருத்துவரின் கண்காணிப்பில் வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வாரங்களில், சில நேரங்களில் அதற்கும் மெதுவாக, அளவைப் படிப்படியாகக் குறைப்போம்.

இனி முலுண்ட் நண்பரின் கேள்வி. வேறு எந்த நோயும் இல்லாமல் இரத்த அழுத்தம் மட்டும் உள்ள ஒருவர் இன்று புதிதாக வந்தால், நானும் பீட்டா பிளாக்கரில் தொடங்க மாட்டேன். அம்லோடிபின், டெல்மிசார்டான் போன்ற மருந்து, குளோர்தாலிடோன் போன்ற நீர்ப்போக்கி என்ற மூன்றில் ஒன்றிலோ இரண்டின் கூட்டிலோ தொடங்குவேன். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியின் சிகிச்சை வரிசையும் இந்த மூன்றைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. ஆனால் முன்பு மாரடைப்பு வந்தவர், மாடி ஏறினால் நெஞ்சு இறுகுபவர், இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தவர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர் ஆகியோருக்கு இது பழைய மருந்தல்ல, வேண்டிய மருந்து. இதயச் செயலிழப்பில் பிசோப்ரொலாலும், கார்வெடிலாலும், நீடித்து வெளிவிடும் மெட்டோப்ரொலால் சக்சினேட்டும் உயிரிழப்பையே குறைப்பதாக 1999-லிருந்து வந்த பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பீட்டா பிளாக்கர்களை ஐந்து முக்கிய மருந்து வகைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. இதயவியலாளர்களின் ஐரோப்பியச் சங்கமோ 2024-இல், தக்க காரணம் இருக்கும்போது பயன்படுத்துங்கள் என்கிறது. அறிஞர்களிடையே இன்னும் வழக்கு முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வகையைக் கீழிறக்கிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அட்டினலாலைக் கொண்டு செய்யப்பட்டவை. நெபிவொலால், கார்வெடிலால் என்ற பீட்டா பிளாக்கர்கள் இரத்தக் குழாயைத் தளர்த்தவும் செய்கின்றன. ஆகவே அட்டினலாலின் தீர்ப்பை அவற்றின்மேல் அப்படியே எழுதிவிட முடியாது. அவை மேலானவை என்று மருந்து நிறுவனப் பிரதிநிதி சொல்வதையும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது.

ஆகவே செம்பூர் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது நல்ல மருந்தா கெட்ட மருந்தா என்பதல்ல. 14 ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு இதை ஏன் தொடங்கினார்கள் என்பதுதான். பழைய ஃபைலைத் தேடிப் பாருங்கள் அம்மா. அதில் மாரடைப்பு, நெஞ்சுவலி, எக்கோ, ஆஞ்சியோ என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? அடுத்த கேள்வி, 14 ஆண்டுகள் சும்மா இருந்த மருந்து இரண்டு மாதங்களாக மட்டும் ஏன் நாடியை இறக்குகிறது? மாத்திரை மாறவில்லை, அளவும் மாறவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது.

அந்தோப் ஹில் | திங்கள், இரவு 8.15

மருதம்பட்டைக் கஷாயம் கொடுத்துப் பாருங்கள். என் மாமனாருக்கு அதிலேயே எல்லாம் சரியானது. மாத்திரையே வேண்டாம்.

சயான் பொதுமருத்துவர் | திங்கள், இரவு 8.50

நாடி 49-இல் நிற்கும் ஒருவருக்கு இதயத்தின்மேல் வேலை செய்வதாகச் சொல்லப்படும் இன்னொரு பொருளைச் சேர்ப்பது, என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியை அடைப்பதாகும். கஷாயம் குடிப்பவர் அதையும் மருந்துப் பட்டியலில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

குர்லா செவிலியர் | திங்கள், இரவு 9.30

வணக்கம். இதயநோய்ப் பிரிவில் 18 ஆண்டுகள் பணி செய்தவள் நான். ஐயா "வேறு ஏதோ மாறியிருக்கிறது" என்று எழுதியதைப் பார்த்ததும் இதைக் கேட்கத் தோன்றியது. வார்டில் மருந்து விவரம் கேட்கும்போது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நோயாளிகள் மாத்திரையை மட்டும்தான் சொல்வார்கள். ஊசி, இன்ஹேலர், தோலில் ஒட்டும் பட்டை, கண்ணில் விடும் சொட்டு எதுவும் அவர்கள் கணக்கில் வராது.

ஆகவே கேட்கிறேன். அப்பாவுக்குக் கண்ணில் ஏதாவது சொட்டு மருந்து விடுகிறீர்களா? டில்டியாசம், வெராபமில் என்ற பெயரில் புதிய மாத்திரை ஏதும் உண்டா? மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ யாராவது மருந்து கொடுத்தார்களா? சுகர் உண்டா? எப்போதாவது வீசிங் வந்ததுண்டா? அண்மையில் தைராய்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் இரத்தத்தில் பார்த்தீர்களா?

செம்பூர் மகள் | செவ்வாய், காலை 6.50

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மார்ச் மாதம் அப்பாவுக்குக் கிளாக்கோமா, அதாவது கண்ணழுத்த நோய், என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் காலை மாலை ஒவ்வொரு சொட்டு விடச் சொன்னார்கள். அன்றிலிருந்து நானே விட்டுவருகிறேன். புட்டியை எடுத்துப் பார்த்தேன். டிமோலால் 0.5 விழுக்காடு என்று போட்டிருக்கிறது. கண்ணில் விடும் இரண்டு சொட்டுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் "லால்" என்று முடிவதைப் பார்த்ததும் மனம் என்னவோ செய்தது.

நேற்று எடுத்த ஈ.சி.ஜி.யில் துடிப்பு மெதுவாக இருக்கிறது, இதயத்தின் மின்னோட்டத்தில் அடைப்பு எதுவும் இல்லை என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். அட்டினலாலைப் பாதியாக, அதாவது 25 மில்லிகிராமாக, இன்று முதல் கொடுக்கச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் "வேறு மருந்து உண்டா" என்று இந்தியில் கேட்டபோது, அப்பா முந்திக்கொண்டு "பி.பி. கி கோலி, பஸ்" (பி.பி. மாத்திரை, அவ்வளவுதான்) என்று முடித்துவிட்டார். மார்ச்சில் கண் மருத்துவரிடமும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். அவர் எந்த கோலி என்று கேட்டாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் அன்று உடன் போகவில்லை.

பழைய ஃபைல் கிடைத்தது. 14 ஆண்டுகளுக்கு முந்தைய சீட்டில் 160/100 என்ற எண்ணும் அட்டினலாலும் மட்டும்தான் இருக்கின்றன. அன்றைய ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. மாரடைப்பு, நெஞ்சுவலி எதுவும் இல்லை.

மாட்டுங்கா மருந்தாளுநர் | செவ்வாய், காலை 7.30

செவிலியர் அம்மாவுக்கு என் வணக்கம். நேற்று நானே இதைக் கேட்டிருக்க வேண்டும். கவுண்டரில் நாற்பது ஆண்டு நின்றவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்தான்.

டிமோலாலும் ஒரு பீட்டா பிளாக்கர். அதுவும் இதயத்தை மட்டும் தேடிப் போகும் வகையல்ல. மூச்சுக்குழாயிலுள்ள ஏற்பிகளையும் சேர்த்துத் தடுக்கும் வகை. கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நின்றுவிடுவதில்லை. கண்ணின் உள்மூலையிலுள்ள சிறு துளை வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள மெல்லிய சவ்வின் மூலம் நேரே இரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் ஒரு பகுதியைக் கழித்த பிறகே இரத்தத்துக்கு அனுப்பும். மூக்கு வழியாகப் போவதற்கு அந்தச் சுங்கச்சாவடி இல்லை. ஆகவே உங்கள் அப்பா மார்ச்சிலிருந்து இரண்டு பீட்டா பிளாக்கர்களை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சொட்டு மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணழுத்தம் ஏறினால் பார்வை நரம்புக்கு வரும் சேதம் திரும்பாது. இரண்டு மருத்துவர்களுக்கும் இன்றே தெரிவியுங்கள். அதுவரை சொட்டு விட்ட பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். இரத்தத்துக்குள் போவது குறையும். கண்ணுக்கும் மருந்து கூடுதலாகக் கிடைக்கும். எந்தச் சொட்டு மருந்துக்கும் இப்படிச் செய்யலாம்.

முலுண்ட் வாசகர் | செவ்வாய், காலை 9.00

அப்படியானால் இந்த வழக்கில் அட்டினலால் தொடங்கப்பட்டதற்கு அழுத்தத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்று தெரிந்துவிட்டது. என் கேள்வி நிற்கிறது.

சயான் பொதுமருத்துவர் | செவ்வாய், காலை 11.15

நிற்கட்டும், நியாயமான கேள்விதான். 14 ஆண்டுகளுக்கு முன் இங்கே அட்டினலால் எழுதியதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். நானும் எழுதியிருக்கிறேன். விலை குறைவு, நாளுக்கு ஒரு முறை போதும். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதருக்கு இவை பெரிய வசதிகள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை ஃபைலைத் திறந்து, இதை ஏன் கொடுக்கிறோம் என்று யாரும் கேட்காமல் விட்டதில்தான் தவறு இருக்கிறது. அதில் என் பங்கும் உண்டு.

செம்பூர் மகளுக்கு ஒரு குறிப்பு. அட்டினலால் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. மெட்டோப்ரொலாலைப் போலக் கல்லீரல் அதைக் கையாளுவதில்லை. எனவே வயதோடு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தால், அதே 50 மில்லிகிராம் உடலில் கூடுதல் நேரம் தங்கும். கிரியாட்டினின் முடிவு வந்ததும் மருத்துவரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

வடாலா மாணவி | செவ்வாய், பிற்பகல் 3.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குச் சுகரும் உண்டு, இன்சுலின் போடுகிறார். அவருக்கும் மெட்டோப்ரொலால் எழுதியிருக்கிறார்கள். சுகர் உள்ளவர்கள் இதைச் சாப்பிடவே கூடாது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

குர்லா செவிலியர் | செவ்வாய், மாலை 5.10

சாப்பிடவே கூடாது என்பது இல்லை தங்கச்சி. ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கும்போது உடல் தரும் எச்சரிக்கைகளில் படபடப்பையும் கைநடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஆகவே அம்மாவுக்குக் காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை வந்தாலோ, திடீர்ப் பசியோ குழப்பமோ தெரிந்தாலோ, படபடப்புக்காகக் காத்திருக்காமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள். புதிதாகத் தொடங்கும் வாரங்களிலும் அளவைக் கூட்டும்போதும் அடிக்கடி பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் மட்டும் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ப்ரொப்ரனலால் போன்றவை அவர்களுக்கு ஆகவே ஆகாது. இதயத்தை மட்டும் குறிவைக்கும் வகைகளையும் மருத்துவர் யோசித்துத்தான் கொடுப்பார்.

டோம்பிவிலி அண்ணாச்சி | செவ்வாய், இரவு 9.45

நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். என் மாத்திரை பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல். என்று இருக்கிறது. பெரிதாக இருப்பதால் வீட்டுக்காரி அதை இடித்துத் தேனில் குழைத்துத் தருகிறாள். தவறில்லையே?

மாட்டுங்கா மருந்தாளுநர் | செவ்வாய், இரவு 10.05

தவறுதான் அண்ணாச்சி, நாளையிலிருந்து நிறுத்துங்கள். அந்த எழுத்துகள் இருந்தால், ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைந்து வெளிவரும்படி செய்யப்பட்ட மாத்திரை என்று பொருள். இடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். காலையில் நாடி விழும், இரவில் மருந்தே இருக்காது. நடுவில் கோடு போட்டிருந்தால் சில தயாரிப்புகளை அந்தக் கோட்டில் இரண்டாக உடைத்து விழுங்கலாம். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று அட்டையைக் காட்டி மெடிக்கலில் கேளுங்கள். மெல்லுவதோ இடிப்பதோ எதற்கும் கூடாது.

அதே மருந்து எக்ஸ்.எல். இல்லாமலும் வருகிறது. அது டார்ட்ரேட் என்ற உப்பு, பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளை. கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிட்டால், மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் மருந்து ஒன்றல்ல. விலை குறைவென்று அரசின் ஜன் ஔஷதி மருந்துக் கடையில் வாங்குவது நல்லதே. அங்கும் சக்சினேட்டா டார்ட்ரேட்டா என்பதை மட்டும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரூஃபெனும் அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். கொடைக்குப் போய் வந்து முட்டி வலிக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்.

செம்பூர் மகள் | சனி, மாலை 4.20

நான்கு நாட்களாக அலைச்சல். கிரியாட்டினின் 1.6 வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1.1 இருந்தது. தைராய்டு சரியாக இருக்கிறது. வியாழனன்று வழக்கமான மருத்துவரிடம் புட்டியையும், எல்லா அட்டைகளையும், பழைய ஃபைலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கண் மருத்துவரோடு தாமே பேசினார்.

டிமோலாலுக்குப் பதிலாக, இரவில் ஒரே ஒரு சொட்டு விடும் லட்டானோப்ராஸ்ட் எழுதப்பட்டிருக்கிறது. அட்டினலாலை 25 மில்லிகிராமில் இரண்டு வாரம் தொடர்ந்து, பிறகு நாடியையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு மெல்ல நிறுத்துவதாகவும், தேவைப்பட்டால் அம்லோடிபினோடு டெல்மிசார்டானைச் சேர்ப்பதாகவும், அப்படிச் சேர்த்தால் சில வாரங்களில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முன்னெச்சரிக்கையாக எக்கோவும் எடுத்தோம். இதயம் நன்றாக இருக்கிறது.

சயான் பொதுமருத்துவர் | சனி, மாலை 6.00

நல்ல திட்டம். இந்த இரண்டு வாரங்களில் அழுத்தம் சற்று ஏறினால் பதறாதீர்கள். காலையும் மாலையும், மருந்துக்கு முன், ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை இதய உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து குறித்துவையுங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-க்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பட்டை அவருடைய புயத்துக்குப் பொருத்தமான அளவுதானா என்றும் பாருங்கள். சிறிய பட்டை இல்லாத அழுத்தத்தைக் காட்டும். நெஞ்சில் இறுக்கமோ படபடப்போ வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

செம்பூர் மகள் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8.00

அட்டினலாலை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. நாடி 66 முதல் 72 வரை. இந்த வாரச் சராசரி 134/80. டெல்மிசார்டான் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த வாரம் பார்த்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறார். அப்பா இப்போது மூன்றாம் மாடிக்கு ஒரே ஒரு முறை நின்று ஏறுகிறார். அதுவும் இரண்டாம் மாடி நண்பரோடு பேசத்தான். தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தாமே நாடியை எண்ணி எழுதுகிறார். எங்களை எண்ணவிடுவதில்லை.

நேற்று இன்னொரு கூத்து. எதிர்வீட்டு மாமிக்கும் கிளாக்கோமாவாம். எங்கள் வீட்டில் பிரிக்காமல் மீதியிருந்த டிமோலால் புட்டியை, வீணாகப் போக வேண்டாமென்று அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மாமி இன்ஹேலர் வைத்திருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்த் திருப்பி வாங்கி வந்துவிட்டேன். நல்லவேளையாக அவர் இன்னும் மூடியைத் திறக்கவில்லை.